காற்றுப் புகாத குழியில் பால் ஊறுகிறது, தெரியுமா?

மாட்டுக்குப் போடும் புல்லைக் கெடாமல் வைக்க வழி கண்டதற்காக ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார், தெரியுமா? 1945ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அது! வாங்கியவர் பின்லாந்துக்காரர் ஆர்த்துரி விர்த்தானென். பால் கூட்டுறவுகள் சேர்ந்து நடத்திய வாலியோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்த நாட்டில் பல மாதம் பனி. கோடையில் வெட்டிச் சேர்த்த பசுந்தீவனம் குளிர்காலத்தில் அழுகும். பால் குறையும், வெண்ணெயின் தரம் போகும். விர்த்தானென் நீர்த்த அமிலத்தைப் பச்சைப் புல்லில் கலந்து அதன் பி.எச். அளவை 4க்குக் கீழே இறக்கினார். அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் அங்கேயே முடங்கின. புல் மாதக்கணக்கில் சத்தோடு நின்றது. அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.ஐ.வி. முறை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பனியே விழாத நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்துக்கு இது எதற்கு? படுகையணையில் நின்று காவிரியைப் பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று ஊரே பெருமையாகச் சொல்லும் ராஜ வாய்க்கால் இங்கேதான் ஆற்றிலிருந்து பிரிகிறது. வாய்க்கால் பாயும் இடமெல்லாம் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை. அந்தப் பச்சையைத் தாண்டிக் கபிலர்மலைப் பக்கம் மேட்டுக்காட்டுக்கு ஏறிப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் கிணறு அடிக்குப் போய்விடும். கட்டுத்தரையில் நிற்கும் கறவைக்குச் சோளத்தட்டும் வைக்கோலும்தான் மிச்சம். தை மாதம் குடம் நிறையப் பீச்சிய அதே மாடு அப்போது பாதிக்கு வந்து நிற்கும். பின்லாந்துக்குப் பனி, நமக்கு வெயில். புல் இல்லாத மாதங்கள் இரண்டு ஊருக்கும் உண்டு!

சரி, நாம் அமிலம் வாங்கி ஊற்ற வேண்டியதே இல்லை என்பது தெரியுமா? புல்லே தனக்கு வேண்டிய அமிலத்தைச் செய்துகொள்ளும்! ஒவ்வொரு இலையின் மேலும் லாக்டிக் அமில பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூக்கோநாஸ்டாக் கூட இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பசுந்தீவனத்தைச் சின்னதாக நறுக்கி, குழியிலோ பையிலோ கொட்டி, காற்று இருக்க இடமில்லாமல் மிதித்து மூடிவிட்டால் அவை வேலையை ஆரம்பிக்கும். தண்டில் இருக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்கும். பி.எச். 4க்குப் பக்கத்தில் வந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். முப்பது, நாற்பது நாளில் ஊறுகாய்ப் புல் தயார். சைலேஜ் என்று சொன்னால் இப்போது எல்லாருக்கும் புரிகிறது. காற்றுப் புகாதவரை வருஷம் தாண்டியும் கெடாது.

ஆனால் எந்தப் பயிரைக் குழிக்குள் போட்டோம், எந்த நாளில் வெட்டினோம் என்பதில்தான் பாலே இருக்கிறது. ஒரே மாடு, ஒரே கொட்டகை, ஒரே புண்ணாக்கு. சைலேஜை மாற்றினால் கறவை மாறுகிறது. இது உலகம் முழுக்கப் பண்ணைகளில் அளந்து பார்த்த விஷயம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வெட்டிய கையோடு 30 கிலோ போடுகிறீர்கள். பார்க்க மலைபோல இருக்கிறது. அதில் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 24 கிலோ, தெரியுமா? மாட்டுக்கு உள்ளபடி கிடைத்த உலர்ந்த தீவனம் 6 கிலோதான்! சரியான பருவத்தில் வெட்டி ஊறவைத்த மக்காச்சோள சைலேஜ் அதே 30 கிலோ என்றால் உள்ளே சுமார் 10 கிலோ உலர் தீவனம் இருக்கிறது. எடை ஒன்று, சத்து வேறு. கிலோ விலை பார்த்து சைலேஜ் பை வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் ஈரம் எவ்வளவு என்பதே. ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருந்தால் நல்லது.

அடுத்த அதிசயம் மாட்டின் வயிற்றுக்குள். பத்து லிட்டர் பால் கொடுக்கும் மாடு அந்தப் பாலுக்காகத் தினமும் அரைக் கிலோவுக்கு நெருக்கமாக ஒரு சர்க்கரையைத் தானே தயாரிக்கிறது, தெரியுமா? பால் சர்க்கரையான லாக்டோஸ். மடிக்குள் எவ்வளவு லாக்டோஸ் சுரக்கிறதோ அந்த அளவுக்கே தண்ணீரும் உள்ளே இழுக்கப்படும். அதனால் பாலின் லிட்டர் கணக்கைத் தீர்மானிப்பது இந்தச் சர்க்கரைதான்! அதற்கு வேண்டிய குளுக்கோஸ் தீவனத்திலிருந்து நேராக மாட்டுக்குக் கிடைப்பதில்லை. முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து புரோப்பியோனேட் என்ற அமிலமாக்குகின்றன. கல்லீரல் அதைக் குளுக்கோஸாக்குகிறது. நாரைப் புளிக்கவைத்தால் வருவது பெரும்பாலும் அசிட்டேட். அது பாலில் கொழுப்பாகப் போய்ச் சேருகிறது. ஆக, மாவுச்சத்து லிட்டரைத் தூக்கும், நல்ல நார் கொழுப்பைத் தூக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சைலேஜிலேயே இருக்கும் லாக்டிக் அமிலத்தை மெகாஸ்பேரா எல்ஸ்டெனியை என்ற வயிற்று பாக்டீரியா புரோப்பியோனேட்டாக மாற்றுகிறது. குழியில் புளித்த புளிப்புகூட ஒரு பங்கு பாலாகிறது!

இப்போது மக்காச்சோளத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் வெறும் புல் சைலேஜ் தின்ற மாடுகளுக்கு அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மக்காச்சோள சைலேஜ் கொடுத்தபோது மாடுகள் அதிகம் தின்றன, பாலும் கூடியது, பாலில் புரதமும் கூடியது. காரணம் கதிர். செடியின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி கதிரிலேயே இருக்கிறது. நல்ல மக்காச்சோள சைலேஜின் உலர் எடையில் 30 சதவீதம் வரை மாவுச்சத்து! கதிரை ஒடித்துக்கொண்டு வெறும் தட்டையை மட்டும் நறுக்கி ஊறவைத்தால் அதுவும் சைலேஜ்தான், ஆனால் அந்தப் பாலை எதிர்பார்க்க முடியாது.

நாமக்கல் மாவட்டத்தில் இதில் ஒரு விசேஷப் போட்டி இருக்கிறது, கவனித்தீர்களா? அதே மக்காச்சோள மணிக்காகக் கோழிப்பண்ணைகள் காத்திருக்கின்றன. முட்டைக்குப் பேர்போன மாவட்டம். கோழித் தீவனத்தின் முதுகெலும்பே மக்காச்சோளம். மணியை விற்றால் கையில் ரொக்கம். முழுச் செடியையும் கதிரோடு வெட்டி ஊறவைத்தால் பணம் பாலாகத் திரும்ப மாதங்கள் ஆகும். இரண்டு, மூன்று கறவை வைத்திருக்கும் குடும்பம் காட்டில் ஒரு மூலையையாவது மாட்டுக்கென்று கதிரோடு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோடையில் வெளியே வாங்கும் தீவனத்தின் விலை அந்த மூலையின் அருமையைக் காட்டிவிடும்.

எந்த நாளில் வெட்டுவது? கதிரைப் பாதியாக ஒடித்து மணியைப் பாருங்கள். மணியின் வெளிநுனிப் பாதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்க, கதிர்க்கட்டையை ஒட்டிய பாதி இன்னும் பாலாக இருந்தால், இதுதான் நாள்! முன்பே வெட்டினால் மாவுச்சத்து ஏறியிருக்காது, தண்ணீர் அதிகம். தள்ளிப்போனால் தட்டை காய்ந்து நார் முற்றும், மிதித்தாலும் அமுங்காது, காற்றுத் தங்கிவிடும். மணிகள் உடையும்படி நறுக்க வேண்டும். உடையாத மணி மாட்டுக்குள் போன மாதிரியே சாணத்தில் வந்து விழும். சாணத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குழியை முப்பது நாளில் திறக்காமல் நான்கு மாதம் வரை விட்டுவைத்தால் மக்காச்சோள சைலேஜ் இன்னும் நன்றாகச் செரிக்கும், தெரியுமா? மணிக்குள் மாவுச்சத்துத் துகள்களை ஒரு புரதம் கட்டிவைத்திருக்கிறது. புளிப்பு நீடிக்க நீடிக்க அந்தக் கட்டு மெல்ல அவிழ்கிறது. ஒரு கிலோ கூட அதிகம் போடாமல், காத்திருப்பதால் மட்டும் சத்து கூடுகிறது!

இனி நாரின் கதை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து செயின்ட் பாலில் 1924ஆம் ஆண்டு சோதனை வயலில் வளர்ந்த மக்காச்சோளத்தில் ஒரு வினோதம் கண்ணில் பட்டது. இலையின் நடுநரம்பு பழுப்பாக இருந்தது. அந்தச் செடியில் லிக்னின் குறைவு. நாரைச் செரிக்கவிடாமல் இறுக்கிப்பிடிப்பது இந்த லிக்னின்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓபா, ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் பழுப்பு நரம்பு மக்காச்சோள சைலேஜை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். மாடுகள் தினமும் 2.1 கிலோ உலர் தீவனம் கூடுதலாகத் தின்றன, 2.8 கிலோ பால் கூடுதலாகக் கொடுத்தன! செடியில் ஒரே ஒரு மரபணு மாற்றம், மற்றதெல்லாம் அதேதான். அதே ஆண்டு அவர்கள் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொரு கணக்கும் கிடைத்தது: தீவன நாரின் செரிமானம் ஒரு புள்ளி கூடினால் பால் கால் கிலோ கூடுகிறது. அவை நிறையக் கறக்கும் அமெரிக்க மாடுகள். நம் ஜெர்சி கலப்புக்கு அளவு குறையலாம். ஆனாலும் திசை அதுதான். சோளத்திலும் இப்படிப் பழுப்பு நரம்பு வகை உண்டு. 1978இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். சாதாரண சோள சைலேஜ் மக்காச்சோளத்துக்குப் பின்தங்கும். பழுப்பு நரம்புச் சோளம் கிட்டத்தட்ட அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. தண்ணீர் குறைந்த மேட்டுக்காட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

பழுப்பு நரம்பு விதை நம் கடைத்தெருவில் இல்லையென்றாலும் அதே பாடத்தைக் கத்தியால் செய்யலாம். லிக்னின் அதிகம் தங்குவது அடித்தண்டில். கொஞ்சம் உயரே விட்டு வெட்டினால் எடை குறையும், செரிமானம் கூடும். கோ 4 புல்லை முதல் வெட்டுக்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஆள் உயரம் தாண்டி வளர்ந்த புல்லைப் படத்தில் காட்டி விளம்பரம் செய்கிறார்கள்; உயரம் பார்த்து மயங்காதீர்கள். முற்றிய புல்லில் இருப்பது பெரும்பாலும் கட்டை.

நேப்பியருக்கு இன்னொரு குறையும் உண்டு: தண்டில் சர்க்கரை போதாது. பாக்டீரியாவுக்குத் தீனி குறைந்தால் அமிலம் ஏறாது. கூடவே ஈரமும் அதிகமென்றால் கிளாஸ்டிரிடியம் என்ற இன்னொரு கூட்டம் உள்ளே புகுந்து பியூட்டிரிக் அமிலத்தைச் செய்துவிடும். குடலைப் புரட்டும் நாற்றம்! மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதற்கு மருந்து ஜேடர்பாளையத்தைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெல்லம்! ஆலைக்கொட்டகைகள் நிறைந்த பகுதி. பக்கத்துப் பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலம் நடக்கிறது. புல்லை ஒரு நாள் வாடவைத்து, டன்னுக்கு 10 முதல் 20 கிலோ மட்ட வெல்லமோ வெல்லப்பாகோ தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்தால் போதும். நறுக்கிய புல்லைக் கைப்பிடி நிறைய அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல விரிந்தால் குழிக்கு அனுப்பலாம்.

அப்படியானால் சர்க்கரை நிறைந்த கரும்பையே ஊறவைத்தால்? இங்கேதான் ஆச்சரியம்! கரும்பை மட்டும் நறுக்கி மூடினால் ஈஸ்ட் முந்திக்கொண்டு அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். சத்தில் ஒரு நல்ல பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும். பிரேசிலில் கரும்பு சைலேஜ் செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஈஸ்டை அடக்கவென்றே லாக்டோபேசில்லஸ் புக்னரி என்ற பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்த்தார்கள், அது அசிட்டிக் அமிலம் செய்து ஈஸ்டைத் தடுக்கிறது. நம் ஊரில் கரும்பு வெட்டும்போது குவியும் கொழுந்தாடையைப் பச்சையாகப் போடுவதே நல்லது. மிஞ்சினால் சோளத்தோடோ புல்லோடோ கலந்து ஊறவைக்கலாம்.

மரவள்ளி இலையையும் ஊறவைக்கலாம், தெரியுமா? சேலம், நாமக்கல் காடுகளில் கிழங்கு பிடுங்கும்போது வீணாகப் போகும் இலையில் புரதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சயனைடும் இருக்கிறது. பச்சையாக நிறையத் தின்ற மாடு செத்தே போகும். நறுக்கி, வாடவைத்து, ஊறவைத்தால் அந்த விஷம் பெருமளவு இறங்கிவிடும். இளஞ்சோளத்தின் விஷமும் அப்படித்தான் குறைகிறது. இலையை மெல்ல மெல்லப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நாமக்கல்லிலேயே 1985இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும்போது கேட்பதற்கு என்ன தயக்கம்?

புரதம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். மக்காச்சோள சைலேஜில் மாவுச்சத்து உண்டு, புரதம் 8 சதவீதம்தான். சைலேஜ் போடுகிறோமே என்று புண்ணாக்கை நிறுத்தியவர்கள் பால் ஏறவில்லை என்று வருந்துவது இதனால்தான். வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா என்று ஏதாவது ஒரு பச்சையைச் சேர்க்க வேண்டும், அல்லது மக்காச்சோளத்தோடு தட்டைப்பயறு கலந்து விதைத்து இரண்டையும் சேர்த்தே வெட்டி ஊறவைக்க வேண்டும்.

மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது, தெரியுமா? அசைபோடும்போது சுரக்கும் அந்த உமிழ்நீரில் இருக்கும் சோடா உப்புதான் வயிற்றுப் புளிப்பைச் சமன் செய்கிறது. புல் வெட்டும் மெஷினில் மாவாக நறுக்கிய சைலேஜை மட்டும் போட்டால் மாடு அசைபோடுவது குறையும், வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பு சரியும். லிட்டர் ஏறியும் சொசைட்டியில் விலை இறங்கும்! ஆவின் கொள்முதல் கொழுப்பையும், கொழுப்பு நீங்கலான திடச்சத்தான எஸ்.என்.எஃப். அளவையும் பார்த்தே விலை போடுகிறது. நறுக்கு 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். கூடவே ஒரு பிடி சோளத்தட்டோ வைக்கோலோ கட்டாயம். பழைய தீவனத்திலிருந்து சைலேஜுக்கு மாற்றுவதையும் பத்து, பதினைந்து நாளில் படிப்படியாகச் செய்ய வேண்டும். வயிற்று நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் ஆகும்.

இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கும் மாடுகள் சைலேஜே தின்னக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியுமா? கெட்ட சைலேஜில் வளரும் கிளாஸ்டிரிடியம் வித்துகள் சாணம் வழியாகப் பாலில் கலந்து, மாதக்கணக்கில் முதிரும் கட்டியை உள்ளே வாயு கட்டி வெடிக்கவைக்கும். காய்ச்சிக் குடிக்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை. மணம் வேண்டுமானால் ஒட்டும்: சைலேஜ் வாசனை மாட்டின் மூச்சு வழியே ரத்தத்துக்கும், ரத்தம் வழியே மடிக்கும் சில நிமிடத்தில் போய்விடும். பால் பீச்சிய பிறகு சைலேஜ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நமக்கு நிஜமான கவலை பூசணம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88! இந்த நஞ்சைப் பாலில் யாரும் கலப்பதில்லை. பூசணம் பிடித்த புண்ணாக்கு, தானியம், தீவனத்திலிருந்து மாட்டின் உடல் வழியாக வருகிறது, தின்ற அன்றே பாலில் இறங்க ஆரம்பிக்கிறது. காய்ச்சினாலும் போகாது. குழந்தை குடிக்கும் பால் அது. ஆகவே குழி ஓரத்திலோ பை வாயிலோ பச்சையாகவோ வெள்ளையாகவோ பூசணம் தெரிந்தால், கொஞ்சம்தானே என்று உதறிவிட்டுப் போடாதீர்கள். எருக்குழிக்கு அனுப்புங்கள். கையை விட்டுப் பார்க்கும்போது சைலேஜ் சூடாக இருந்தாலும் காற்றுப் புகுந்து கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். திறந்த பையை இரண்டு, மூன்று நாளில் தீர்க்க வேண்டும்.

இவ்வளவும் பெரிய பண்ணைக்காரர் சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். இரண்டு கறவை, ஒன்றுக்கு நாளுக்கு 15 கிலோ, மாசியிலிருந்து 100 நாள்: மொத்தம் 3 டன். காலால் மிதித்த குழியில் ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ பிடிக்கும் என்று வைத்தால் பத்தடி நீளம், ஏழடி அகலம், மூன்றடி ஆழம் போதும்! ஆப்பிரிக்கன் டால் தீவன மக்காச்சோளம் ஏக்கருக்கு 16 டன் வரை பச்சை கொடுக்கிறது. ஊறும்போது ஏற்படும் சேதாரத்தைக் கழித்தாலும் இரண்டு மாட்டின் முழுக் கோடைக்கும் கால் ஏக்கர்! புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் மார்கழிக்குள் கதிர் பருவத்துக்கு வந்துவிடும், மழையும் ஓய்ந்திருக்கும். குழியை மேடான இடத்தில் வெட்டி, அடியிலும் சுற்றிலும் தார்ப்பாய் விரித்து, ஒரே நாளில் நிரப்பி, மேலே மண் மூட்டையை அடுக்கிவிடுங்கள். மாசியில் திறக்கலாம்.